‘சிறந்தது வென்றது’ என்னும் கட்டுக்கதை: மெமரி கார்டுகளின் போரும் கல்விப்புலத்தின் மௌனமும்

பொருளியல் வகுப்பறைகளிலும் தொழில்நுட்ப வரலாற்றுக் கருத்தரங்குகளிலும் ஆண்டுதோறும் ஒப்பிக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. பல வடிவங்கள் போட்டியிட்டன, நுகர்வோர் ஒப்பிட்டுப் பார்த்தனர், சிறந்தது வென்றது, மற்றவை மறைந்தன. இதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மெமரி கார்டு உடனே கைக்கு வந்துவிடுகிறது. எஸ்டி கார்டு சிறியது, மலிவானது, வேகமானது. ஆகவே வென்றது என்று ஒரே வரியில் கதை முடிக்கப்படுகிறது.

இதே வாதத்தை மொழியியல் மாணவர் ஒருவர் முன் வேறு சொற்களில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வட்டார வழக்கு பொதுவழக்காக உயர்ந்ததற்குக் காரணம், அது மற்ற வழக்குகளைவிடச் செம்மையாக இருந்ததே என்று எவரேனும் எழுதினால், முதலாண்டு மாணவரே அதைத் திருத்திவிடுவார். அரசவை எங்கே இருந்தது, அச்சகம் யார் கையில் இருந்தது, பாடநூலை எழுதியவர் எந்த ஊரார் என்று கேட்பார். விடையை ஒலியனிலோ உருபனிலோ தேடமாட்டார். அதே மாணவர் கருவிகளைப் பற்றிய பேச்சு வந்ததும் இந்தக் கேள்விகளையெல்லாம் வாசலிலேயே விட்டுவிடுகிறார். வென்றதால் அது சிறந்தது, சிறந்ததால் அது வென்றது என்னும் வட்டவாதம் அங்கே விளக்கமாக ஏற்கப்படுகிறது. மெமரி கார்டுகளின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தாலே இந்த விளக்கம் எவ்வளவு பொய்யானது என்பது புலப்படும்.

முதலில் களத்தைப் பார்க்க வேண்டும். 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பாக்ட்ஃபிளாஷைக் கொண்டுவந்தது. 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா வந்தது. 1997இல் சான்டிஸ்க்கும் சீமன்ஸும் சேர்ந்து எம்எம்சி என்னும் மல்டிமீடியா கார்டை வெளியிட்டன. 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் சான்டிஸ்க், மட்சுஷிடா, தோஷிபா ஆகிய மூன்றும் கூட்டாக அறிவித்த எஸ்டி, 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் உருவாக்கிய எக்ஸ்டி பிக்சர் கார்டு என எட்டே ஆண்டுகளில் ஆறு வடிவங்கள் களத்தில் நின்றன.

இந்த ஆறுக்கும் உள்ளே இருந்த சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987இல் அறிமுகப்படுத்திய நாண்ட் வகை ஃபிளாஷ் நினைவகம். ஆகவே போட்டி நினைவகத் தொழில்நுட்பங்களுக்கு இடையே நடக்கவில்லை. உறையின் அளவு, உலோகத் தொடுமுனைகளின் எண்ணிக்கை, கருவியும் அட்டையும் பேசிக்கொள்ளும் கட்டளைகள், அவற்றைப் பயன்படுத்த யார் யாருக்குப் பணம் செலுத்த வேண்டும் என்னும் ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இடையேதான் நடந்தது. இதைத் தொழில்நுட்பப் போட்டி என்று அழைப்பதே பாதி உண்மையை மறைப்பதாகும்.

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

சிறியதாக இருந்ததால் எஸ்டி வென்றது என்பது முதல் காரணம். எஸ்டி கார்டின் அளவு 32க்கு 24 மில்லிமீட்டர், தடிமன் 2.1 மில்லிமீட்டர். சோனியின் மெமரி ஸ்டிக் டுவோ 31க்கு 20, தடிமன் 1.6. எக்ஸ்டி கார்டு 25க்கு 20 மட்டுமே. அளவே வெற்றியைத் தீர்மானித்திருந்தால் எஸ்டி மூன்றாம் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். மைக்ரோ எஸ்டி பின்னாளில் வந்ததே என்று மறுப்பவர்கள் உண்டு. அது 2004இல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்னும் பெயரில் சான்டிஸ்க்கிடமிருந்து வந்து, 2005இல் எஸ்டி சங்கத்தின் குடையின்கீழ் சேர்க்கப்பட்டுப் பெயர் மாறியது. ஏற்கெனவே வென்றுகொண்டிருந்த குடும்பம் ஒரு புதுப்பிள்ளையைத் தத்தெடுத்தது. விளைவைக் காரணமாகக் காட்டக் கூடாது.

பயனருக்குத் தொல்லை தரும் பூட்டுகள் இல்லாததால் எஸ்டி வென்றது என்பது இரண்டாவது காரணம். அந்தப் பெயரின் முதல் எழுத்தே ‘செக்யூர்’ என்பதைக் குறிப்பது. பாதுகாப்பு என்று அங்கே சொல்லப்பட்டது பயனரின் பாதுகாப்பு அன்று. இசை நிறுவனங்களின் அச்சத்தைத் தணிக்கச் சேர்க்கப்பட்ட சிபிஆர்எம் என்னும் நகல்தடை ஏற்பாடு அது. சோனியின் பூட்டுக்கு மேஜிக்கேட் என்று பெயர். இரண்டு வீட்டிலும் பூட்டு இருந்தது. எஸ்டியின் பெயரிலேயே பொறிக்கப்பட்ட அந்தச் சிறப்பம்சத்தை அட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நுகர்வோர் தேர்ந்தெடுத்த தரம் என்று இதையா சொல்வது?

மற்றவை கொள்ளளவு வரம்பில் சிக்கின, எஸ்டி சிக்கவில்லை என்பது மூன்றாவது காரணம். தொடக்ககால மெமரி ஸ்டிக் 128 மெகாபைட்டில் நின்றுபோனது உண்மை. 2003இல் வந்த மெமரி ஸ்டிக் புரோவைப் பழைய கருவிகள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் 2006இல் எஸ்டிஹெச்சி வந்தபோது நடந்ததும் அதேதான். பழைய எஸ்டி கருவிகள் புதிய அட்டையைப் படிக்க மறுத்தன. ஒரே குறை இரு தரப்பிலும் இருந்தது. ஒரு தரப்பு தேய்ந்தது, மறு தரப்பு வளர்ந்தது. அப்படியானால் அந்தக் குறை காரணம் அன்று. எஸ்டியின் முறிவைப் பல கருவி உற்பத்தியாளர்கள் ஒரே காலத்தில் சேர்ந்து கடந்தார்கள். மெமரி ஸ்டிக்கின் முறிவைக் கடக்கவேண்டிய சுமை பெரும்பாலும் சோனியின் தோளில் மட்டுமே விழுந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மலிவு என்பது நான்காவது காரணம். உள்ளே இருக்கும் சில்லு ஒன்றே என்னும்போது விலை வேறுபாடு எங்கிருந்து வந்தது? அட்டை தயாரித்தவர்களின் எண்ணிக்கையிலிருந்தும், தயாரித்த அளவிலிருந்தும், உரிம நிபந்தனைகளிலிருந்தும் வந்தது. மலிவு என்பது கூட்டணி பெருத்ததன் பலன். அதைக் கூட்டணி பெருத்ததற்கான காரணமாகத் திருப்பிச் சொல்வது, கூட்டம் கூடிய திருவிழாவுக்குக் கூட்டம்தான் காரணம் என்பதைப் போன்றது.

அப்படியானால் தீர்மானித்தது எது? கருவியில் இருக்கும் ஸ்லாட். அந்த ஸ்லாட்டை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் யார், அந்த முடிவினால் எத்தனை நிறுவனங்களுக்கு வருமானம் கிடைத்தது என்பவையே விடை.

ஒருவர் காமிரா வாங்கக் கடைக்குப் போகிறார். அவர் லென்ஸைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், நண்பரின் பரிந்துரையை நினைத்துக்கொள்கிறார். அட்டை வடிவத்தைப் பார்த்துக் காமிரா வாங்குபவர்கள் மிகச் சிலர். அட்டை, காமிராவோடு ஒட்டிக்கொண்டு வருவது. நிகான் 2005இல் டி50 காமிராவில் எஸ்டி ஸ்லாட்டை வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டி70இல் காம்பாக்ட்ஃபிளாஷ் இருந்தது. கேனன் தன் தொடக்கநிலை எஸ்எல்ஆர் வரிசையில் 400டி வரை காம்பாக்ட்ஃபிளாஷை வைத்திருந்து, 2008இல் 450டியில் எஸ்டிக்கு மாறியது. அந்த ஆண்டுகளில் நுகர்வோர் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. வரைபடத்தில் ஒரு பள்ளத்தின் அளவு மாறியது. அதைத் தொடர்ந்து இலட்சக்கணக்கான அட்டைகளின் விதி மாறியது.

எஸ்டியின் தந்திரம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்ததில் இருந்தது. அது எம்எம்சியின் முகத்தளவை அப்படியே எடுத்துக்கொண்டு, சற்றுத் தடித்து, ஏழு தொடுமுனைகளை ஒன்பதாக்கியது. ஆகவே எஸ்டிக்காக வெட்டிய ஸ்லாட் எம்எம்சியையும் ஏற்றது. கருவி உற்பத்தியாளருக்குப் பழையதைக் கைவிடாமல் புதியதற்குப் போகும் வழி கிடைத்தது. 2000 ஜனவரியில் எஸ்டி சங்கம் தொடங்கப்பட்டு, போட்டி நிறுவனங்களும் சந்தா செலுத்தி உள்ளே வரக் கதவு திறக்கப்பட்டது. மெமரி ஸ்டிக்கும் பிறருக்கு உரிமம் தரப்பட்ட வடிவம்தான். ஆனால் சோனியோடு காமிராவிலும் கணினியிலும் போட்டியிட்ட ஒரு நிறுவனம் தன் கருவியில் மெமரி ஸ்டிக் ஸ்லாட்டை வெட்டினால், ஒவ்வோர் அட்டையிலும் எதிராளியின் பெயரை விளம்பரம் செய்ய வேண்டியிருக்கும். எந்த நிறுவனமும் அதை விரும்பி ஏற்காது.

எக்ஸ்டியின் கதை இதைவிடத் தெளிவானது. இரண்டு காமிரா நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வடிவம் அது. ஒலிம்பஸ் காமிராக்களில் பரந்தகாட்சிப் படமெடுக்கும் வசதி ஒலிம்பஸ் பெயர் பொறித்த அட்டையைச் செருகினால்தான் வேலை செய்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் தேடுவது வீண். அது ஒரு வேலி. வேலிக்குள் இருந்தவர்கள் இருவர், வெளியே நின்றவர்கள் ஏனையோர் அனைவரும். 2009இல் ஒலிம்பஸ் வெளியிட்ட இ-பி1 காமிராவில் எஸ்டி ஸ்லாட் மட்டுமே இருந்தது. 2010 ஜனவரியில் சோனியும் எஸ்டி அட்டைகளைத் தயாரித்து விற்கப்போவதாக அறிவித்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். தொழில்நுட்பத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லையா? உண்டு. ஸ்மார்ட்மீடியா அட்டையில் கட்டுப்பாட்டுச் சில்லு இல்லை. நினைவகத்தை நிர்வகிக்கும் வேலை முழுவதும் கருவியின் தலையில் சுமத்தப்பட்டது. அதனால் அட்டை 0.76 மில்லிமீட்டர் தடிமனில் மெலிதாகவும் மலிவாகவும் இருந்தது. ஆனால் நினைவகம் வளர வளர, பழைய காமிராக்களுக்குப் புதிய அட்டைகள் புரியாமல் போயின. அது 128 மெகாபைட்டோடு முடிந்தது. நுகர்வோருக்கும் பங்கு உண்டு. 2011 இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் வீட்டா விளையாட்டுக் கருவிக்கு சோனி மீண்டும் ஒரு தனி அட்டையை உருவாக்கியபோது, அதன் விலை வாங்குவோரிடையே கசப்பைத் தவிர வேறெதையும் விதைக்கவில்லை. ஆகவே மோசமான வடிவமைப்பு ஒரு வடிவத்தைக் கொல்லும். நுகர்வோரின் சினமும் கொல்லும். ஆனால் பிழைத்திருப்பவற்றுள் எது முடிசூடும் என்பதை இவ்விரண்டும் தீர்மானிப்பதில்லை. நுகர்வோரிடம் இருப்பது மறுக்கும் உரிமை மட்டுமே. தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று.

ஐயம் இருப்பவர்கள் 2016ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். ஜெடெக் அமைப்பு யூஎஃப்எஸ் கார்டுக்கான தரநிலையை அந்த ஆண்டு வெளியிட்டது. சாம்சங் ஜூலையில் அறிவித்த அட்டைகள் நொடிக்கு 530 மெகாபைட் வரை படிக்கும் என்றது. அந்நாளில் கைப்பேசிகளில் பரவலாக இருந்த யூஹெச்எஸ்-1 மைக்ரோ எஸ்டியின் பாதை நொடிக்கு 104 மெகாபைட்டைத் தாண்டாது. ஐந்து மடங்கு வேகம், பெயர்பெற்ற உற்பத்தியாளர், முறையான தரநிலை அமைப்பு ஆகிய அனைத்தும் இருந்தன. ஆனால் சாம்சங்கின் சொந்த கேலக்ஸி எஸ் வரிசைக் கைப்பேசிகளிலேயே அதற்கு ஸ்லாட் இல்லை. சிறந்தது வெல்லும் என்போர் இந்த அட்டையின் கல்லறைக்கு முன் நின்று விளக்கம் தர வேண்டும்.

அப்படியானால் எல்லாம் தற்செயல்தானே என்று கேட்கும் இன்னொரு முகாம் இருக்கிறது. பால் டேவிட் 1985இல் தட்டச்சு விசைப்பலகை பற்றி எழுதிய கட்டுரையும், பிரையன் ஆர்தர் 1989இல் வளர்விளைவுகள் பற்றி எழுதிய கட்டுரையும் இந்த முகாமின் மூலநூல்கள். தொடக்கத்தில் நேரும் சிறு நிகழ்வுகள் பின்னால் மீளமுடியாத பிடியாக இறுகும் என்பது அவற்றின் சாரம். 1990இல் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் விசைப்பலகைக் கதையின் சான்றுகளையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். அந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், மெமரி கார்டு விவகாரத்தில் ‘தற்செயல்’ என்னும் சொல் பொருந்தாது. மூன்று நிறுவனங்கள் கூடிப் பேசியது தற்செயல் அன்று. எம்எம்சியின் அளவைத் தக்கவைத்தது தற்செயல் அன்று. உரிம ஒப்பந்தங்கள் வழக்கறிஞர்களால் வரி வரியாக எழுதப்பட்டவை. தற்செயல் என்று சொல்லிவிட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லாமல் போய்விடும். சிறந்தது வென்றது என்போரும் எல்லாம் தற்செயல் என்போரும், முடிவெடுக்கப்பட்ட அறையின் கதவைத் திறந்து பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

அந்த அறைக்குள் என்ன இருந்தது என்பதன் ஒரு பகுதி நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2010இல் சாம்சங், எஸ்டியின் மூல நிறுவனங்களின் உரிம ஏற்பாட்டுக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. வெளி உற்பத்தியாளர்கள் அட்டை விற்பனையில் 6 விழுக்காட்டை உரிமத்தொகையாகச் செலுத்த வேண்டியிருக்கிறது, அது போட்டியை நசுக்குகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. கீழமை நீதிமன்றம் தள்ளுபடி செய்த அவ்வழக்கை 2014இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. குற்றச்சாட்டு சரியா தவறா என்பது வேறு. வெற்றிபெற்ற வடிவம் ஒரு சுங்கச்சாவடியாகவும் இயங்க முடியும் என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது சாவடி அட்டையின் உள்ளேயே இருந்தது. 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி, 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ஃபாட் கோப்பு முறையைக் கட்டாயமாக்கியது. அதன்மீது காப்புரிமைகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டு, லினக்ஸ் கருவகத்தில் சேர்க்க ஆதரவு தெரிவித்தது 2019 ஆகஸ்டில்தான். அதாவது பத்தாண்டுக் காலம், உலகெங்கும் பொதுத்தரம் என்று அழைக்கப்பட்ட ஒன்றின் உள்ளறைச் சாவி ஒரு தனி நிறுவனத்தின் இடுப்பில் தொங்கியது. இன்றும் எஸ்டி சங்கம் பொதுமக்களுக்குத் தருவது எளிமையாக்கப்பட்ட விவரக்குறிப்பைத்தான். முழு ஏடு உறுப்பினர்களுக்கு உரியது.

தோற்றதாகச் சொல்லப்படும் எம்எம்சி என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அட்டையாக அது மறைந்தது. ஆனால் அதன் கட்டளை மரபு ஜெடெக்கின் தரநிலையாகி, இஎம்எம்சி என்னும் பெயரில் எண்ணற்ற மலிவுவிலைக் கைப்பேசிகளின் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வெற்றி தோல்வி என்னும் சொற்களே எவ்வளவு மேம்போக்கானவை என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதெல்லாம் நிறுவனங்களின் சண்டை, கல்விப்புலத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தியாவின் மொழிகளில் கணிசமானவற்றுக்கு எழுத்துப் பதிவு குறைவு. அவற்றின் சொற்களும் கதைகளும் பாடல்களும் கடந்த இருபது ஆண்டுகளில் பதிவானது இந்த அட்டைகளில்தான். ஒரு பக்கம், கைப்பேசிக் கடைகளில் மைக்ரோ எஸ்டி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் தொழில் சிற்றூர்கள் வரை பரவியிருந்தது. 2016இல் ஜியோ வந்து இணையத் தரவு மலிவாகும் வரை, வானொலி கண்டுகொள்ளாத பல வட்டார மொழிகளின் இசை அந்த விரல்நக அளவு அட்டையில்தான் ஊர் ஊராகப் பயணம் செய்தது. இன்னொரு பக்கம், களப்பணி ஆய்வாளர்கள். அவர்கள் கையில் இருந்த மரான்ட்ஸ் பிஎம்டி660 காம்பாக்ட்ஃபிளாஷில் பதிந்தது. அதன் வழித்தோன்றலான பிஎம்டி661 எஸ்டிக்கு மாறியது. சோனியின் சில குரல்பதிவுக் கருவிகள் மெமரி ஸ்டிக்கில் எம்எஸ்வி என்னும் தனிக் கோப்பு வடிவில் சேமித்தன. அங்கே பூட்டு இரண்டு: அட்டைக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. கடைசிப் பேச்சாளர் மறைந்த மொழி ஒன்றின் குரல் இப்படிப்பட்ட அட்டையில் மேசை இழுப்பறையில் கிடந்தால், படிப்பானைத் தேடி அலைவது ஒரு வேலை, மென்பொருளைத் தேடி அலைவது இன்னொரு வேலை. இதற்கிடையே ஃபிளாஷ் நினைவகத்தில் தேங்கிய மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிகிறது. அட்டை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வலி புதியதன்று. டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகள் இன்று கட்டம்கட்டமாகத் திறக்கின்றன. அங்கேயும் யூனிகோடு வென்றது இலக்கண நேர்த்தியால் அன்று. விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதை உள்ளே வைத்து வந்ததால் வென்றது. தமிழுக்கு அதிகச் செயல்திறன் மிக்கது என்று வாதிடப்பட்ட டேஸ்16, 2010இல் தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றும் யூனிகோடின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யூனிகோடின் தரநிலை எவரும் படிக்கக் கிடைக்கிறது. அதனால் பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றும் மென்பொருளை ஆர்வலர் ஒருவரே எழுதிவிட முடிகிறது. திறந்த விவரக்குறிப்பு என்பது வெற்றிக்கான உத்தரவாதம் அன்று. தோற்றவற்றை மீட்பதற்கான உத்தரவாதம்.

ஆகவே பல்கலைக்கழகங்களும் நிதி நல்கும் அமைப்புகளும் இனியும் சந்தை தேர்ந்தெடுக்கட்டும் என்று கைகட்டி நிற்பதற்கு நியாயம் இல்லை. சந்தை தேர்ந்தெடுக்கவில்லை, ஒப்பந்தங்கள் தேர்ந்தெடுத்தன. பொதுப்பணத்தில் வாங்கும் பதிவுக்கருவிக்கு, பல உற்பத்தியாளர்கள் தயாரிக்கும் அட்டை, பொதுவில் விவரக்குறிப்பு உள்ள கோப்பு வடிவம் ஆகிய இரண்டையும் கொள்முதல் விதியிலேயே நிபந்தனையாக்க வேண்டும். களத்திலிருந்து திரும்பிய அட்டையைக் குறிப்பிட்ட நாளுக்குள் நிறுவனக் காப்பகத்தில் நகலெடுப்பதை ஆய்வு நெறிமுறையின் பகுதியாக்க வேண்டும். அதற்கான பணியாளரும் சேமிப்பிடமும் நல்கைத் தொகையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் இழுப்பறைகளில் கிடக்கும் ஸ்மார்ட்மீடியாவையும் மெமரி ஸ்டிக்கையும் எக்ஸ்டியையும் படிப்பான்கள் கிடைக்கும் காலத்துக்குள் திரட்ட, ஒவ்வொரு மொழியியல் துறையும் ஒரு பட்டியலாவது எடுக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் திட்டம் அன்று இது. பல அட்டை வகைகளை ஏற்கும் பழைய படிப்பான் ஒன்றும், பொறுப்புள்ள ஒருவரும், ஒரு கோடை விடுமுறையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதைத் தொடங்காமல், அடுத்த கருத்தரங்கிலும் சிறந்தது வென்றது என்று ஒப்பிப்பவர்கள், தங்கள் துறையின் இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மேடை ஏறட்டும்.